ஃப்ரிட்ஜ் மேல் ரவுட்டர்

என் வாய்தான் எனக்கு முதல் எதிரி. ஆவடிக்குப் பக்கத்தில் சேக்காட்டில் நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம், கீழே வீட்டுக்காரர் குடும்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் மோட்டார் போட வெளியே வந்த வீட்டுக்காரர், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, வாசலில் இருக்கிற கேமராவை வெளிநாட்டில் இருப்பவர்கள் பார்க்கிற மாதிரி பண்ண முடியுமா என்று கேட்டார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "பத்து நிமிஷ வேலைண்ணே" என்று சொல்லிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும்.

உண்மையில் நான் செய்வது சாஃப்ட்வேர் சோதனை. யாரோ எழுதிய இன்சூரன்ஸ் புரோகிராமில் ஒரு பட்டனை அழுத்துவேன், வேலை செய்யவில்லை என்றால் வேலை செய்யவில்லை என்று எழுதிவைப்பேன். ரவுட்டர் என்பது எனக்குப் பச்சை விளக்கு எரியும் ஒரு டப்பா, அவ்வளவுதான். ஆனால் ஐ.டி.யில் இருக்கிறவர்களுக்கு மிக்ஸியைத் தவிர மற்ற எல்லாம் தெரியும் என்று ஆவடிப் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. கோவில்பட்டியிலிருந்து வந்த இந்த நான்கு வருடங்களில் நானும் அந்த நம்பிக்கையைக் கெடுத்ததில்லை. கெடுக்க மனசு வரவில்லை என்பது ஒரு காரணம். வறட்டுக் கௌரவம் இன்னொரு காரணம்.

கேமரா எதற்கு என்று கேட்டேன். நாய்க்காக என்றார்.

அவர்களுடைய ஒரே மகள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் முதல் ஷிஃப்டில் வேலை பார்த்துவந்தாள். நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து வீட்டிலிருந்தே வேலை செய்யும் நாட்களில் பார்த்த காட்சி இது: மூன்று மணிக்கு கேட் திறக்கும், அவள் வருவாள், கிரில் போட்ட போர்டிகோவில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றுவாள், நாய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும். செம்பட்டை நிற நாட்டு நாய், ஒரு காது மட்டும் எப்போதும் மடிந்திருக்கும். அவளுக்கு மலேசியாவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வேலை கிடைத்துப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. போன நாளிலிருந்து நாய் சாப்பாட்டைத் தொடவில்லை. ராத்திரியில் கொஞ்சம் பாலை நக்கும், அதோடு சரி. மருத்துவரிடம் காட்டினார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை, ஏக்கம்தான் என்று அனுப்பிவிட்டார்.

இதை மகளிடம் மறைத்தார்கள். அவள் விடுவாளா? வீடியோ காலில் நாயின் விலா எலும்பைப் பார்த்துவிட்டாள். இந்த மாதக் கடைசிக்குள் அது சாப்பிடவில்லை என்றால் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பி வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். மாதக் கடைசிக்கு இரண்டு வாரம்கூட முழுதாக இல்லை.

"எங்க குடும்பத்துல பாஸ்போர்ட் எடுத்த மொத ஆளும்மா அவ" என்றார் வீட்டுக்காரர். "எங்கப்பா முத்தாபுதுப்பேட்டைல நாத்து நட்டுகினு இருந்தாரு. நான் லேத்து ஓட்டிகினு கீறேன். இவ ஏரோப்ளேன் ஏறி போய்கீறா. ஒரு நாய்க்கோசரம் திரும்பி வந்துட்டான்னா, அப்பால அந்த சான்ஸ் வருமா சொல்லு."

போனிலேயே நாயோடு பேசச் சொல்லலாமே என்று கேட்டேன். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு இவர் நாயின் மூக்குக்கு நேராகப் போனைப் பிடித்திருக்கிறார், அக்கா, அதாவது அவர் மனைவி, பக்கத்தில் நின்று அழுதிருக்கிறார், "பார்டா, பார்டா, உங்கக்கா பேசுறா பார்டா" என்று இவர் கத்த, நாய் போனை ஒரு நக்கு நக்கி லைனைக் கட் பண்ணிவிட்டு ஸ்கூட்டருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. இரண்டு பேர் தலைமேல் நின்று சாப்பிடு சாப்பிடு என்றால் எனக்கே சோறு இறங்காது. அந்த நேரத்தில் நாயும் அவளும் மட்டும்தான் இருக்க வேண்டும், மற்ற நாட்களில் அப்படித்தானே இருந்தார்கள் என்பது மகளின் கணக்கு. அது சரியாகத்தான் பட்டது.

போர்டிகோவில் கேமரா ஏற்கெனவே இருந்தது. அவளே தன் முதல் சம்பளத்தில் வாங்கி மாட்டியது. அதில் பேசினால் இங்கே ஒலிக்கும் சின்ன ஸ்பீக்கரும் உண்டு. ஆனால் அந்தக் கம்பெனி கடையை மூடிவிட்டதால், வெளியூரிலிருந்து பார்க்க உதவிய அதன் சேவையும் நின்றுபோயிருந்தது. வீட்டு வைஃபைக்குள் இருந்தால் தெரியும், கேட்டைத் தாண்டினால் தெரியாது. புதிது வாங்கலாமே என்றதற்கு, "அது அவ வாங்கினதும்மா" என்றார். 

மாடிக்கு வந்து இணையத்தில் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகிறவர்களை ரவுட்டர் தடுக்காது. முன்பின் தெரியாத ஒருவர் வெளியிலிருந்து வந்து தட்டினால், யாரைப் பார்க்க வந்திருக்கிறார் என்று தெரியாமல் துரத்திவிடும். இன்ன எண்ணைச் சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் நேராகக் கேமராவிடம் அனுப்பு என்று அதற்குள் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். இதற்குப் பெயர்தான் போர்ட் ஃபார்வர்டிங். இவ்வளவுதானா என்று துள்ளிக்கொண்டு கீழே போனேன்.

ரவுட்டர் சாமி அலமாரியில் இருந்தது. முருகனுக்கும் பெரியபாளையத்து அம்மனுக்கும் நடுவில், மூன்று இடங்களில் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு செவ்வந்திப் பூவோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. கரண்டில் ஓடுகிற எதற்கும் வெள்ளிக்கிழமை பொட்டு உண்டு என்றார் அக்கா. உள்ளே நுழைவதற்கான பாஸ்வேர்டு அதன் அடிப்பக்கத்து ஸ்டிக்கரில் இருக்கும் என்று படித்திருந்தேன். தூக்கிப் பார்த்தேன். வாராவாரம் துடைத்துத் துடைத்துப் பொட்டு வைத்ததில் எட்டு எழுத்தில் மூன்றுதான் மிச்சமிருந்தன. அரைமணி நேரம் பூஜ்ஜியமா ஓவா என்று போட்டுப் போட்டுப் பார்த்தேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வந்தது. அக்காவிடம் ஒரு ஊக்கு வாங்கி, ரீசெட் ஓட்டையில் காய்ந்திருந்த சந்தனத்தை நோண்டி எடுத்து, ஒரே அழுத்தாக அழுத்தினேன்.

ரீசெட் செய்தால் பழைய பாஸ்வேர்டு மட்டும் போகாது, இணையம் வருவதற்கான விவரங்கள் எல்லாமே சேர்ந்து போகும் என்பதை அதற்குப் பிறகுதான் படித்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது. அன்று சாயங்காலம் கீழ்வீட்டில் நெட்டில் ஓடுகிற டிவியும் இல்லை, போனில் சீரியலும் இல்லை. "பரவால்ல கண்ணு, உனக்குத் தெரியாததா" என்றார் அக்கா. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் கேபிள்காரர் வந்தார். எங்கள் தெருவுக்கே அவர்தான் கேபிளும் இன்டர்நெட்டும். விவரங்களைத் திரும்பப் போட்டுக் கொடுத்தார். நான் என் திட்டத்தைச் சொன்னதும் அவர் ஏணியில் சாய்ந்து நின்று சிரித்தார்.

"யக்கா, இந்தத் தெருவுக்கே வெளிய ஒரே அட்ரஸ்தான்க்கா. நூறு ஊடு அதுக்குள்ளதான் கீது. வர்றவனுக்கு உங்க ஊடு எதுன்னு எப்பிடித் தெரியும்?"

நான் படித்த எதிலும் இதை யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. அவர் மேலிடத்தில் பேசி இந்த வீட்டுக்கு மட்டும் தனி முகவரி வாங்கித்தந்தார். அதற்கு வாரக் கடைசி வரை ஆனது. விஷயம் நாய் சாப்பிடாதது என்று தெரிந்தபின் அவர் தினமும் பைக்கை நிறுத்தி, "துன்னுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். கேமராவுக்கு வீட்டுக்குள் மாறாத ஒரு எண் கொடுத்தேன். யாராலும் ஊகிக்க முடியாத புதுப் பாஸ்வேர்டு வைத்தேன். வாங்கின அன்று இருந்த பாஸ்வேர்டையே விட்டிருந்தால் ஊரே வந்து போர்டிகோவைப் பார்த்துவிட்டுப் போகும். பிறகு அந்த ஒற்றை வரியை எழுதினேன்: இந்த எண் கேட்டு வருபவரைக் கேமராவிடம் அனுப்பு. என் கணவரைத் தெருமுனை டீக்கடைக்கு அனுப்பி, அவர் போனிலிருந்து பார்க்கச் சொன்னேன். "நாயோட முதுகு தெரியுது, ஸ்கூட்டர் தெரியுது, நீ இடுப்புல கை வெச்சிட்டு நிக்கிறதும் தெரியுது" என்றார். நான் குதித்த குதியில் நாய் எழுந்துவிட்டது.

மலேசியாவிலிருந்தும் தெரிந்தது. அவள் போனில் ஒரே சிரிப்பு, நடுநடுவே மூக்கை உறிஞ்சும் சத்தம். இப்போது பேச வேண்டாம், எல்லோரும் நிற்கிறீர்கள், நாளைக்கு மூன்று மணிக்கு நானே வருகிறேன் என்றாள். அங்கே அப்போது ஐந்தரை, அவள் ஷிஃப்ட் முடிகிற நேரம். அக்கா எனக்கு ஒரு கிண்ணம் நிறைய மீன் குழம்பு கொடுத்தனுப்பினார். அன்று நான் இரண்டு மடங்கு சோறு சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு கிண்டியில் ஆபீஸில் இருந்தேன். மலேசியாவிலிருந்து போன் வந்தது. ஒன்றும் தெரியவில்லை அக்கா, கருப்பாக இருக்கிறது என்றாள். நானும் முயன்றேன், கருப்புதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது. செவ்வாய்க்கிழமையும் அதே கதை: மூன்று மணிக்குக் கருப்பு, ராத்திரி எட்டு மணிக்குப் பளிச். ரவுட்டரில் நான் எழுதியதை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன், தவறு இல்லை. அப்படியானால் தவறு கேபிள்காரருடையதுதான் என்று முடிவுகட்டி, போன் போட்டுக் கத்தினேன். பகலில் முகவரியை யாருக்கோ வாடகைக்கு விடுகிறீர்களா என்றுகூடக் கேட்டேன். அவர் பொறுமையாக, லைன் சரியாகத்தான் இருக்கிறது, வேண்டுமானால் நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்த ரகம் நான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் மாடிக்கே வந்தார். இரண்டு நாளும் அவள் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு அரைமணி நேரம் அந்தக் கருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஊருக்குத் திரும்புவது பற்றி சூப்பர்வைசரிடம் பேசியும்விட்டாளாம். வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை அவர். "உன்னால ஆனத நீ பண்ணிட்டம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அது எனக்கு அறைந்த மாதிரி இருந்தது. பத்து நிமிட வேலை என்று சொன்னது நான்தானே.

புதன்கிழமை எனக்கு வீட்டிலிருந்தே வேலை. பன்னிரண்டரை மணிக்கு, அக்கா தான் வேலை பார்க்கும் பாக்கிங் கம்பெனிக்கு மத்தியான ஷிஃப்டுக்குக் கிளம்புவதற்கு முன், ரவுட்டரை இன்னொரு தடவை பார்க்கலாம் என்று கீழே போனேன். அக்கா வீட்டுக்குள் அறை அறையாக நடந்துகொண்டிருந்தார். ஹால் போர்டு. ஒவ்வொரு ஸ்விட்ச்சாகத் தொட்டு, "ஆஃப்" என்றார். படுக்கையறை. "ஆஃப், ஆஃப்." சமையலறை, குளியலறை. கடைசியில் சாமி அலமாரிக்கு வந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, அங்கிருந்த ஸ்விட்ச்சையும் தட்டினார். "ஆஃப்." ரவுட்டரில் எரிந்த பச்சை விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன.

தினமும் இப்படித்தானா என்று கேட்டேன்.

வீட்டுக்காரர் வேலை பார்க்கும் பட்டறையில் ஒரு காலத்தில் மின்கசிவால் தீப்பிடித்ததாம். அன்றிலிருந்து அங்கே ஒரு விதி: கடைசியாக வெளியே போகிறவர் ஒவ்வொரு ஸ்விட்ச்சையும் கையால் தொட்டு, வாயால் சொல்லி அணைக்க வேண்டும். வெறுமனே கண்ணால் பார்த்தால் போதாது. அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்திருக்கிறார். ஃப்ரிட்ஜைத் தவிர ஒரு சிவப்புப் புள்ளி எரியக்கூடாது. மகள் ஊரில் இருந்தவரை மூன்று மணிக்கு வந்ததும் எல்லாவற்றையும் திரும்பப் போடுவாள், அதனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இப்போது சாயங்காலம் வீட்டுக்காரர் வந்துதான் போடுகிறார். வேலையே சோதனை செய்வது, ஆனால் கரண்ட் இருக்கிறதா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

"ஸ்விட்ச்ச அமத்தக் கூடாதுன்னு நீ சொல்லவே இல்லயே கண்ணு" என்றார் அக்கா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தால் நிற்கவில்லை. அவருக்கும் வந்தது.

இதை மட்டும் போட்டுவிட்டே போங்கள் என்றேன். அக்காவின் முகம் மாறியது. வேலைக்குப் போன இடத்தில் இதே நினைப்பாக இருக்கும், ஒரு வேலையும் ஓடாது என்றார். பொய்யில்லை, பத்து வருடப் பழக்கம். அவரே யோசித்து ஒரு வழியும் சொன்னார். ஃப்ரிட்ஜைத்தான் அணைப்பதில்லையே, அதோடு சேர்த்துவிட்டால்? முருகனிடமும் அம்மனிடமும் உத்தரவு கேட்டுவிட்டு ரவுட்டரைத் தூக்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தோம். ஃப்ரிட்ஜ் ஸ்விட்ச்சிலேயே ஓடும் இன்னொரு பிளக்கில் ரவுட்டரையும், போர்டிகோவிலிருந்து வரும் கேமரா வயரையும் செருகினோம். அக்கா அதற்கும் புதிதாக ஒரு பொட்டு வைத்தார், இந்தத் தடவை ஸ்டிக்கர் இல்லாத பக்கமாக. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார். நாயின் தட்டில் சோறும் கோழி ஈரலும் பிசைந்து வைத்துவிட்டுத்தான் போயிருந்தார். நான் மாடிக்கு வந்து கேபிள்காரருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மூன்று மணிக்கு மாடிப்படியின் வளைவில் வந்து நின்றேன். கீழே போர்டிகோ தெரியும், நாயால் என்னைப் பார்க்க முடியாது. அது கேட்டைப் பார்த்தபடி தாடையைத் தரையில் வைத்துப் படுத்திருந்தது. சோறு அப்படியே இருந்தது. மேலே ஸ்பீக்கர் கரகரத்தது.

"டேய்."

மடிந்த காதுகூட எழுந்தது. நாய் துள்ளி எழுந்து கேட்டுப் பக்கம் ஓடி கிரில்லில் மூக்கை நுழைத்துத் தெருவைப் பார்த்தது. யாரும் இல்லை. திரும்பி வந்து ஸ்கூட்டருக்குப் பின்னால் பார்த்தது, செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் பார்த்தது. "இங்கடா, மேல பாரு" என்று குரல் வந்ததும் சுற்றிச் சுற்றி ஓடி முனக ஆரம்பித்தது.  இல்லாத ஒருத்தியைத் தேடவைத்து இருந்த ஏக்கத்தையும் கூட்டிவிட்டேனே என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது. ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கிவிடலாமா என்று ஒரு படி இறங்கியும்விட்டேன்.

 அதற்குள் ஸ்பீக்கரில் ஒரு பெருமூச்சு கேட்டது, ஷூவைக் கழற்றும்போது அவள் விடுகிற அதே பெருமூச்சு. சாப்பிடு என்று அவள் சொல்லவில்லை. இன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா என்று, புது சூப்பர்வைசரை வாய்க்கு வந்தபடி திட்ட ஆரம்பித்தாள். கழிப்பறைக்குப் போனால்கூட மணி பார்க்கிறாராம். பக்கத்து மேசைப் பெண் பேசுகிற மலாய் ஒன்றும் புரியவில்லையாம். அங்கே மழை வந்தால் சொல்லாமல் கொள்ளாமல் வருகிறதாம். நாய் நின்றது. கேமராவுக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்தது. அவள் பேசிக்கொண்டே போனாள். அது தட்டை முகர்ந்தது, விலகியது, மறுபடி முகர்ந்தது, ஒரு வாய் எடுத்தது. பிறகு தலையைத் தூக்கவே இல்லை.

அவள் குரல் உடைந்துவிட்டது. "துன்றா, துன்றா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, சின்னக் குரலில் சொன்னாள்: "நானும் துன்னலடா. வந்ததுலேர்ந்து தொண்டைல எறங்கவே மாட்டேங்குது. அம்மாகிட்ட சொல்லிடாத. இரு, நானும் பொட்டலத்தப் பிரிக்கிறேன்."

காகிதம் பிரியும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. அதற்குப் பிறகு தட்டு சிமென்ட் தரையில் நகரும் சத்தமும், அவள் மெல்லும் சத்தமும் மட்டும்தான். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகிற ஆளில்லை நான், ஆனால் அன்றைக்கு நன்றாக அழுதேன். மூன்றரைக்கு எனக்கு ஆபீஸ் மீட்டிங் இருந்தது, ஐந்து நிமிடம் தாமதமாகப் போனேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் கையில் ஒட்டிய கிரீஸோடு கேட்டைத் திறக்கும்போதே, "துன்னுச்சாம்மா?" என்று மேலே பார்த்துக் கேட்டார்.

"ரெண்டு பேரும் சாப்பிட்டாங்கண்ணே" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் குனிந்து தட்டை எடுத்தார். ஒரு பருக்கை இல்லாமல் நக்கி வைத்திருந்தது. 

"அவளும் துன்னலன்னு எனக்குத் தெரியும்மா" என்றார். "அவ அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத."